ஊசி படாத எலி

ஊசியே போடாத எலியின் மூளை பச்சையாக ஒளிர்ந்தால் ஒரு மனுஷி என்னதான் நினைப்பது? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், டெல்லியில், ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய மைக்ராஸ்கோப் அறையில் உட்கார்ந்து அதைத்தான் வெறித்துக்கொண்டிருந்தேன்.

என் ஆராய்ச்சி சொல்வதற்கு என்னவோ சுலபம்தான். நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸில், பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை ஏற்றி, எலியின் மூளைக்குள் துளியூண்டு செலுத்த வேண்டும். வைரஸ் நுழைந்த நரம்பு செல் மட்டும் தன் கிளைகளோடு பச்சையாகத் தெரியும். அத்தனை கோடி செல்களுக்கு நடுவே எதன் கிளை எங்கே போகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

ஆனால் வைரஸை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி வேண்டுமே! 'வைரஸ்' என்ற சொல்லைப் பார்த்ததுமே ஒவ்வொரு மேஜையும் கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ள, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. முன்கூட்டியே வாங்கி வைத்த எலிகளோ தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. முனிர்காவில் வாடகைக்கு எடுத்த அறையில் தினமும் தயிர்சாதம் தின்ற என்னைவிட அவற்றுக்குச் சாப்பாடு நன்றாகவே இருந்தது.

ஒருவழியாக வைரஸ் வந்தது. ஊசி போட்டு, சில வாரம் பொறுத்து, மூளையை மெல்லிசாகச் சீவிப் பார்த்தால், அடேயப்பா, எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளிகள்! என் வழிகாட்டிப் பேராசிரியர் "வாஹ் பேட்டி, வாஹ்!" சபாஷ் மகளே என்று குதித்தார். திங்கட்கிழமை கமிட்டி. இந்தப் படத்தைக் காட்டினால் என் உதவித்தொகை நீளும். இல்லாவிட்டால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஒப்பிடுவதற்காக ஊசி போடாமல் விட்ட எலியை வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன். அதிலும் அதே பச்சை. ஸ்லைடு மாறிப்போச்சா? பக்கத்துக் கூண்டிலிருந்து தொற்றிக்கொண்டதா? இந்த வைரஸ் அப்படித் தொற்றாது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

லேபில் என்னோடு சேர்ந்த நாகர்கோவில்காரியைக் கையோடு இழுத்து வந்தேன். "இதுக்கு ஊசியே போடலப்பா. எதுக்கு மின்னுது?"

அவள் குனிந்து பார்த்தாள். "எனக்கும் ஒண்ணும் வெளங்கல மக்கா. சும்மா கெடந்த எலிக்கு ஞானம் வந்துட்டு போல."

"போடி, நானே மண்டை காஞ்சு கிடக்கறேன்!" என்று எரிச்சலில் மைக்ராஸ்கோப்பின் நிறம் மாற்றும் ஃபில்டரைத் திருகினேன். சிவப்புக்குப் போய்விட்டது. புள்ளிகள் அப்படியே இருந்தன.

எங்கள் பச்சைப் புரதம் சிவப்பு ஃபில்டரில் தெரியவே கூடாது. இரண்டிலும் ஒளிர்வது வேறொன்று. வயதான செல்லில் படியும் கழிவு. எப்போதோ படித்தது அப்போதுதான் உறைத்தது. கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் என் எலிகள் கிழடு தட்டிவிட்டன!

ஊசி போட்ட எலியின் ஸ்லைடை வைத்தேன். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. பேராசிரியரைக் குதிக்க வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றாக இரண்டிலும் நின்றன. ஓரத்தில் ஒரு செல் மட்டும் சிவப்பில் காணாமல் போனது. பச்சைக்குத் திரும்பினால் முருங்கைக் கொப்பு மாதிரி கிளை விரித்து நின்றது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே பேராசிரியரிடம் சொன்னேன். அவரும் திருகிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்களன்று இரண்டு ஃபில்டர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கமிட்டியிடம் காட்டினேன். "பஸ், ஏக் ஹி?" ஒன்றே ஒன்றுதானா என்று ஒருவர் கேட்டார்.

"ஜி, ஏக் ஹி."

ஆறு மாதம் நீட்டித்தார்கள், இளம் எலிகளோடு மறுபடி செய்யச் சொல்லி. வெளியே வந்ததும், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகப் பேராசிரியர் வாய் திறந்தார். அந்த முதல் படம் ரொம்ப அழகாக இருந்தது, இல்லையா என்றார்.

"ஆமாம் சார்" என்றேன். இருந்ததே, என்ன செய்ய? ஆனால் அதில் என்னுடையது அந்த ஒரு செல்தான்.