மாம்பழம் மணந்த மெசின்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பிள்ளைகள் ஐந்து பேர். வயலில் நாற்று நட்டு, களை பறித்து, ஒருத்தரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். ஒருத்தனும் என் முன்னால் பீடி பிடித்தது கிடையாது. பூதப்பாண்டிக் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடப்பேன். அன்புக்கொடி மக்களே, அப்படிப்பட்டவளை நாம் கும்பிடுகிற அய்யா எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று சொல்கிறேன். பேத்தி மினி எழுதுகிறாள்.

இளையவன் செல்லத்துரை மஸ்கட்டில் டிரைவர். அங்கே போய்ச் சிகரெட் பழகிவிட்டான் என்று கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன ஆடியில் லீவுக்கு வந்தவன், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றான். கையில் பேனா போல ஒரு மெசின். அதை உறிஞ்சி வெள்ளையாக ஊதுவான். வீடெல்லாம் மாம்பழம் மணக்கும்.

"இது வெறும் ஆவிம்மா. நீங்க நொச்சி இலை போட்டுப் பிடிக்கியதுபோலத்தான். ஒண்ணும் செய்யாது" என்றான்.

"எல்லா வீட்டுலயும் மாம்பழம் முடிஞ்சாச்சு, நம்ம வீட்டுல மட்டும் இன்னும் சீசன்" என்று மூத்த மருமகள் கேலி பண்ணுவாள். நானும் சிரித்தேன். சிகரெட் ஒழிந்ததே என்று அய்யாவின் கோயிலான தாங்கலில் பழம் வைத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் இருமல் வந்தது. காய்ச்சல் வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு இளைத்தது. நாகர்கோவில் ஆசுபத்திரியில் சேர்த்தோம். சளி என்று மருந்து ஏற்றினார்கள். குறையவில்லை. புகை பிடிப்பானா என்று டாக்டர் கேட்டார். "என் மகன் அதையெல்லாம் விட்டாச்சு" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவன் பேசுகிற நிலையில் இல்லை.

தாங்கல் தண்ணீர் கொண்டுபோனேன். வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நெற்றியில் நாமம் மட்டும் இட்டேன். அவன் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. பெற்றவள் பக்கத்தில் மரம் போல நின்றேன். ஊரில், தாங்கலில் மத்தியான வேண்டுதலாக உச்சிப்படிப்பு நடக்கிற நேரம். வராந்தாவில் நின்று அழுதேன். "அய்யா, எனக்கு ஒண்ணும் தெரியல்லையே. ஒரு வழி காட்டும்."

அப்போதுதான் அந்த மெசின் ஞாபகம் வந்தது. ஆவி பிடித்தால் நெஞ்சு இளகுமே! மூத்த மருமகளை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். அவள் கொண்டுவந்ததும், ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கி அதை நீட்டினேன். பாலுக்கு வாய் திறக்கிற பிள்ளை மாதிரி அவன் வாயைத் திறந்தான்.

"ஏ அம்மா! என்னதும்மா அது கையில?" நர்சுப் பிள்ளை ஓடி வந்தாள்.

"ஆவி பிடிக்கிய மெசினு மக்களே."

"ஐயோ, கொண்டாங்க இங்க! இதையா இவரு இழுத்துட்டு இருந்தாரு?"

பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் வந்து என்னை உட்காரவைத்துச் சொன்னார். அது நீராவி இல்லையாம். ஏதோ ரசாயனத் தண்ணீரைச் சூடாக்கினால் வருகிற புகையாம். சிகரெட்டில் உள்ள அதே நிக்கோட்டின் அதிலும் உண்டாம். மாம்பழ வாசனையும் அதில் கலந்த ரசாயனம்தானாம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, இவன் நெஞ்சை அது புண்ணாக்கியிருக்கலாம் என்றார். அன்றே மருந்தை மாற்றினார்கள்.

மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. விஷத்தை மருந்தென்று நீட்டிய என் கையையே அய்யா வழியாக்கினார். ஆவணியில் மகன் வீட்டுக்கு வந்தான்.

முழுக்க மீண்டுவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். தாங்கல் படி ஏறினாலே இளைக்கிறது. கை இன்னும் அந்த மெசினைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறது. அந்தக் கையைப் பிடித்துவைக்க என்னால் ஆகாது. தினமும் விடியும்போது அய்யாவிடம் ஒப்படைக்கிறேன். அன்றைக்கு அவன் அதைத் தொடுவதில்லை. மறுநாள் மறுபடியும் ஒப்படைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழம் இல்லாமல் பழம் மணந்தால், என்னவென்று கேளுங்கள். டாக்டர் கேட்டால் கௌரவம் பார்க்காமல் சொல்லுங்கள். வழி தெரியவில்லையா, தெரியவில்லை என்றே அய்யாவிடம் அழுங்கள். அவர் கேட்பார்.

ஏட்டி மினி, எழுதினதை ஒருக்கா வாசி. மெதுவா இல்ல, சத்தமா. உள்ள படுத்திருக்க உன் சித்தப்பனுக்கும் கேக்கட்டும்.