என் இடது கை போட்ட ஆர்டர்கள்

பரோட்டாக் கடையில் வாய்க்கு மதிப்பில்லை. கொத்துப் போடுகிற சத்தத்தில் விரலைக் காட்டினால்தான் கல்லில் நிற்பவனுக்குச் செய்தி போகும். ரெண்டு விரல் என்றால் ரெண்டு பரோட்டா, கையை விரித்தால் அஞ்சு.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் நம்ம கடை. வருஷக்கணக்காக மாவு வீசிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் பக்கவாதம் படுக்க வைத்தது. நடை திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. பேச்சு மட்டும் இன்னும் கொஞ்சம் லேட்டாக வந்திருக்கலாம் என்கிறாள் என் மனைவி செல்வி. இடது கைதான் வரவில்லை. விரல்கள் மடங்காமல், புறங்கை பன்னு மாதிரி உப்பிக் கிடந்தது. இந்தக் கை இனி மாவைத் தொடுமா என்பதுதான் என் ஒரே பயம். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பதம் பார்த்தவர்கள்

நம் ஊரில் வீக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்த்து, "நீர் கோத்திருக்கு" என்று தீர்ப்பும் சொல்வார்கள். கடைக்குத் திரும்பிய முதல் நாளே பாதி ரோடு என் கையை அமுக்கிவிட்டது. கடைசியாக வந்தான் என் மச்சினன் பால்பாண்டி. எனக்குப் பதிலாகக் கல்லில் நிற்பவன். அதுவரை மாவு உருண்டைகளை அமுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்த அதே விரலால் என் கையையும் அமுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் ஊறணும் மச்சான்."

கை தூக்கிய பாவம்

கையைத் தொங்கவிடாமல் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால்தான் வீக்கம் வடியும் என்று பிசியோதெரபி அம்மா சொல்லியிருந்தார். கல்லாவில் உட்கார்ந்து, பக்கத்து எண்ணெய் டின் மேல் தலையணை போட்டு, கையை நிமிர்த்திச் சாய்த்தேன். அந்த நேரம் பார்த்து காரியாபட்டி போகிற ஒருவர் அவசரமாக வந்து உட்கார்ந்தார். விரிந்த என் கையைப் பார்த்த பாண்டி அவர் இலையில் அஞ்சு போட்டான். கை கடுத்தது, இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். இன்னொரு அஞ்சு. வாய் நிறையப் பரோட்டாவோடு அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாண்டி அதையும் ஆர்டராக எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு கேட்டேன்யா! எங்க மாமியா வீட்டு விருந்துல கூட இப்பிடி மல்லுக்கட்டி வச்சதில்ல!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் பாண்டி அன்றே ஒரு சட்டம் போட்டான். அது எனக்கு உள்ளே சுருக்கென்றது.

"இனிமே ஒங்க வலது கை சொல்றதுதான் கணக்கு மச்சான். இடது கை தன்னால பேசிக்கிட்டுக் கெடக்கட்டும்."

தூக்கம் கிடைக்குமிடம்

கை ஒரு தொல்லை என்றால் தூக்கம் இன்னொன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் கை விண்ணென்று தெறிக்கும். விழித்துக்கொண்டால் மாவு ஞாபகம் வரும். அப்புறம் எங்கே தூங்குவது? ராத்திரிக் கடனைப் பகலில் கல்லாவில் அடைப்பேன். பகல் தூக்கம் கூடவே கூடாது என்று பிசியோதெரபி அம்மா சொன்னதால், வருகிறவர்களிடமெல்லாம் என்னை எழுப்பிவிடும் பொறுப்பைச் செல்வி ஒப்படைத்தாள். ஒருவர் டம்ளரைத் தட்டுவார். ஒருவர் காதுக்குப் பக்கத்தில் தும்முவார்.

எழுப்புகிறவர்கள் வைத்தியமும் சொன்னார்கள். அதில் வீரசோழன் ஊரிலிருந்து சரக்கெடுக்க வரும் பாய்க்குத்தான் முதல் பரிசு. டாக்டர் எனக்குப் பரோட்டாவை அடியோடு நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது.

"இங்க நாலு பரோட்டாத் தின்னுட்டு பஸ்ஸு ஏறுனா, எங்க ஊரு தாண்டித்தான் நான் முழிக்கிறேன். நீங்க ஏன் மாஸ்டர் நம்ம கடையில சாப்பிடுறதில்ல?"

கணக்கில் வந்த கை

பகல் தூக்கத்தை விட்டேன். ராத்திரியில் கைக்கும் ஒரு தலையணை கொடுத்தேன். கண் மெல்ல மூட ஆரம்பித்தது. வீக்கம் வடிந்து, காணாமல் போயிருந்த விரல் முட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விரல் மட்டும் மடங்க மாட்டேன் என்றது. தினமும் மாவு உருண்டையை அதன் உள்ளங்கையில் வைத்துக் கெஞ்சினேன்.

அன்றைக்குப் பாய் வந்து மூணு கேட்டார். என் வலது கையில் சால்னா வாளி. இடது கை வழக்கம்போல டின் மேல் விரிந்து நின்றது. என்ன தோன்றியதோ, பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டு விரலை மடக்கப் பார்த்தேன். சுண்டு விரல் மடங்கியது, மோதிர விரல் மடங்கியது. கூடவே கட்டை விரலும் போய்ப் படுத்துக்கொண்டது. கொத்துச் சத்தம் சட்டென்று நின்றது. பாண்டி என் கையையே பார்த்தான். தான் போட்ட சட்டத்தை மறந்து, பாய் இலையில் ரெண்டு பரோட்டாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் துடைக்கவில்லை. வாளி இருந்ததே, எந்தக் கையால் துடைப்பது?

பாய் இலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"மூணுதான் கேட்டேன். பரவால்ல, ரெண்டே இருக்கட்டும். மாஸ்டர் கை சொன்னா சொன்னதுதான்."

அஞ்சிலிருந்து ரெண்டுக்கு இறங்கியதை முன்னேற்றம் என்று கொண்டாடிய ஒரே பரோட்டாக் கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.