டோலி அக்கா அளந்த பனி

முதல் பெரும்பனி வருகிறது என்றால் எங்கள் டிவிக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பிறந்ததிலிருந்து பனி தள்ளுகிற ஜனங்கள். ஆனாலும் வருஷா வருஷம் கடையில் ரொட்டி காலியானதைக் காட்டுவார்கள், உப்புக் குவியலைக் காட்டுவார்கள். பனி தள்ளுகிற என் லாரியை மறித்து, "ரோடு எப்படி இருக்கு?" என்பார்கள். வெள்ளையாக இருக்கிறது, வேறென்ன.

இந்த நவம்பரில் அவர்கள் டோலி அக்காவைப் பிடித்தார்கள்.

அக்காவின் முழுப்பெயர் டோலோரஸ் கோவால், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது எழுபத்தொன்று. இடது இடுப்பு ஆபரேஷன் செய்து மாற்றியது. இருபத்தொன்பது வருஷமாக, சம்பளம் இல்லாமல், வானிலை அலுவலகத்துக்கு எங்கள் ஊர்ப் பனியை அளந்து சொல்கிறாள். முற்றத்தில் வெள்ளையடித்த பலகை ஒன்று கிடக்கும். காலை ஏழு மணிக்கு அதன்மேல் விழுந்த பனியில் அளவுகோலைக் குத்திப் பார்ப்பாள். புருஷனை அடக்கம் செய்த அன்றைக்கும் அளந்த பிறகுதான் கறுப்பு உடுப்புப் போட்டாள். நான் பக்கத்து வீடு, கண்ணால் பார்த்தேன்.

இத்தனை வருஷத்தில் நவம்பரில் ஒரே நாளில் அவள் எழுதிய அதிகபட்ச அளவு இருபத்து நாலு அங்குலம். இந்தத் தடவை பனி கொட்டிய அன்று, காலை ஆறு மணிக்கே டிவியில், "சாதனை முறிந்தது" என்று சிவப்பு எழுத்து ஓடியது. அளக்கிறவள் இன்னும் வெளியே வரவே இல்லை.

ஆறரைக்கு நான் லாரியை நிறுத்தியபோது, பிரியெல் என்ற நிருபர் பெண், வேலியோரம் காற்று குவித்திருந்த பனியில் கோலைச் செருகி, "முப்பத்தொண்ணு!" என்று கேமராவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். கேமராக்காரன் முக்காலியைச் சரியாகப் பலகைமேல் ஊன்றியிருந்தான். முற்றம் முழுக்க மிதித்துத் துவைத்திருந்தார்கள்.

டோலி அக்கா கதவைத் திறந்து பார்த்தாள்.

"எதுமேல நிக்கிறேன்னு தெரியுதா தம்பி?"

"புல்லுதானே மேடம்?"

"இன்னைக்கு அளவுமேல நிக்கிறே."

பிரியெல் ஓடி வந்தாள். "சாரி மேடம். ஏழு மணிக்கு நேரலை. ரெண்டு அடிக்கு மேலன்னு மட்டும் சொல்லிடுங்க, பார்த்தாலே தெரியுதே."

"பார்த்தா நீ பன்னெண்டு வயசுப் புள்ளையாத் தெரியறே. அப்படியே எழுதிக்கவா?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள். "இளிச்சது போதும் ரிச்சி. பலகை கெட்டுப்போனா பத்து இடத்துல குத்திச் சராசரி எடுக்கணும். பின்னாடி கல்லறைத் தோட்டத்துல எவனும் மிதிக்கல. கிளம்பு."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா? கோலைக் குடுக்கா, நான் குத்தறேன்."

"எட்டாங்கிளாஸ்ல பின்னத்துல ஃபெயிலானவன் நீ. எழுதறதுக்கு மட்டும் வா."

முழங்காலுக்கு மேல் பனி. மூன்றாவது இடத்தில் சாய்ந்து விழுந்தாள். கை நீட்டினேன். "தள்ளு, மிதிச்சுக் கெடுக்காதே" என்று கோலாலேயே தட்டிவிட்டு, தானே எழுந்தாள். ஓரிடத்தில் இருபத்தாறு காட்டியது. நான் எழுதப் போனேன்.

"அடிச்சிடு. கல்லு மறிச்சுக் குவிஞ்சது அது."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிரியெல் கூவினாள்: "மேடம், இன்னும் ரெண்டே நிமிஷம்!"

"பாட்டுப் போடச் சொல்லு!" என்று இங்கிருந்தே பதில் போயிற்று.

பத்து இடமும் முடிந்து திரும்பும்போது ஏழு பத்து. புருவத்தில் பனி, மூச்சு இரைக்கிறது. மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

"சாதனைதானே மேடம்?"

"இருபத்திரண்டரை. இருபத்து நாலைத் தாண்டினாத்தான் சாதனை. முறியல."

"கிட்டத்தட்ட..."

"கிட்டத்தட்டவ எழுத என் நோட்டுல இடம் கிடையாதும்மா."

உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தாள். பூட்ஸை நான்தான் கழற்றினேன். அவள் கை அதற்குள் போனை எடுத்து வானிலை அலுவலகத்துக்கு அடித்துவிட்டது. அங்கே இருந்தவனும் டிவி பார்த்திருப்பான் போல.

"முப்பத்தொண்ணுன்னு சொல்றாங்களே?"

"அப்ப அவங்ககிட்டயே வாங்கிக்கோ. என்கிட்ட இருக்கறது இருபத்திரண்டரை. எழுதறியா, இல்ல நான் நேர்ல வந்து எழுதிட்டுப் போகட்டுமா?"

எழுதிக்கொண்டான்.