அந்தோனியாரிடம் பேச்சு கேட்டு வந்தவர்

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் பேருந்துக்கு நின்று கால் விறைத்துப்போய், பக்கத்துத் தேவாலயத்துக்குள் நுழைகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே சத்தமில்லாமல் பனி பொழிகிறது. வண்ணக் கண்ணாடியின் நீல வெளிச்சத்தில் உள்ளே எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மிதக்கிறது.

அந்தோனியார் சிலைக்கு முன்னால், நெற்றியில் திருநீற்றோடு ஓர் அம்மா நிற்கிறார். அருகே சக்கர நாற்காலியில் அவருடைய கணவர்.

"நீங்க கிறிஸ்டியனாம்மா?" என்று கேட்கிறேன்.

"இல்லைப் பிள்ளை, நாங்கள் சைவம். பாரிசவாதம் வந்து இவருக்குப் பேச்சு நிண்டுட்டுது. ஆறு மாசமா ஒரு சொல்லும் இல்லை. அந்தோனியார் பெரிய பிரசங்கி எல்லோ? சனம் கேக்காத இடத்திலை மீனெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்டதாம். செத்துக் கனகாலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தவையாம். உடம்பு மண்ணாப் போயும் நாக்கு மட்டும் அழியேல்லையாம். அதுதான் இவரிட்டை வந்தனான்."

ஏற்றுவதற்காக ஒரு மெழுகுதிரியைக் கணவரின் கையில் வைக்கிறார். பிடி நழுவித் திரி கீழே விழுகிறது. நான் குனிந்து எடுத்துக் கொடுக்கிறேன். கணவரின் உதடுகள் வெகுநேரம் எதையோ தேடுகின்றன.

"மெர்சி."

முப்பது வருடம் உணவகச் சமையலறையில் கணவர் நாள்தோறும் சொன்ன பிரெஞ்சு நன்றி அது என்று அம்மா பிறகுதான் சொல்கிறார். இப்போது கணவரின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, "இன்னொருக்காச் சொல்லுங்கோ, இன்னொருக்கா" என்று அழுகையும் சிரிப்புமாகக் கெஞ்சுகிறார்.

கணவர் மறுபடி சொல்கிறார். இந்த முறை மனைவியைப் பார்த்து.