இல்லாத கூடைக்குள் போட்ட துளிர்

மூத்த பேரன் ஹட்டனில் வாத்தியார். சின்னவன் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிட்டான். பேத்தி தர்ஷி கொழும்பில் மண்பாண்டம் செய்யப் படிக்கிறா.

அவ கையால செஞ்ச நீலத் தொட்டியில, லேசில் எங்கேயும் கிடைக்காத தடிச்ச இலைக் கள்ளி ஒன்றை வச்சு எனக்கு அனுப்பியிருந்தா.

இன்று காலை அதில் புதுத் துளிர். முப்பது வருசம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுத்த கை, பட்டுன்னு கிள்ளி முதுகுப் பக்கம் போட்டுடுச்சு.

முதுகில் கூடை இல்லை.

செடி பட்டுப்போகுமோன்னு பயந்துகிட்டே தர்ஷிக்குப் போன் போட்டேன்.

"அம்மாயி, வேலையை விட்டும் கொழுந்தை விடமாட்டீங்களா?" என்று சிரிச்சா. "செடிக்கு ஒன்னும் ஆகாது. கிள்ளினதைத் தேடி எடுங்க. கிள்ளின இடம் காய்ஞ்சதும் மண்ணில வச்சா அதுவும் வேர் விடும்."

கட்டிலுக்கு அடியில் கிடைச்சது.

இனி அதுக்கும் ஒரு தொட்டி வேணும். தர்ஷி, செய்யும்போது மண்கையோட ஒரு புதுப் படம் எடுத்து நம்ம இந்தக் குடும்பக் குரூப்பில போடு. இங்கே இருக்கிற உன் பழைய படத்தில் இன்னும் பள்ளிக்கூடச் சட்டையிலதான் நிக்கிற.