ஆய்வேட்டுக்கு ஒரு ரிலீவர்

பிறர் எழுதிய ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கும் பணியில் எழுதியவருக்கு மனவருத்தமும் திருத்தியவருக்குக் கண்வலியும் உறுதி; பட்டம் மட்டும் உறுதியில்லை. நெறியாளர் கைபேசியை எடுக்காத நாள்களையும், வேலையை விட முடியாமல் பகுதிநேரமாக ஆய்வு செய்யும் பாட்டையும் அறிந்தவர்களே இதைப் படிக்கிறீர்கள் என்று கொள்கிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

ஜபக் கூட்டம்

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பென்னலூர் மாதா கோயிலின் பின்கூடத்தில் ஞாயிறுதோறும் ஆய்வு மாணவர்களைச் சந்திக்கிறேன். வருபவர்கள் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள். துறையில் உட்கார நாற்காலிகூட ஒதுக்கப்படாதவர்கள். கூடத்தின் சாவி ஸ்டெல்லாவிடம் இருக்கும். உள்ளூர்ப் பெண், தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர், வேதியியலில் பகுதிநேர ஆய்வும் செய்கிறாள்.

முதல் நாளே அவள், "டீச்சர், ஃபாதர் கேட்டா ஜபக் கூட்டம்னு சொல்லிக்கலாம், இன்னா?" என்றாள். பொய்யில் தொடங்கும் ஆய்வில் எனக்கு உடன்பாடில்லை. நேரே பங்குத்தந்தையிடம் சென்று, நெறியாளர்களின் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் கூடுகிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "அப்போ ஜபக் கூட்டம்தான் மேடம், தாராளமா நடத்துங்க."

பணிவிடுவிப்பு மகளிர்

அங்கே வருபவர்களில் ஒருத்தி முத்துமாரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஓர் ஆலையில் வேலை. சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. உற்பத்தி லைனில் நிற்கும் பெண்கள் கழிப்பறைக்குப் போக எப்படி அனுமதி பெறுகிறார்கள் என்பதே அவளுடைய ஆய்வு. லைன் நிற்காது, ஒருத்தி நகர வேண்டுமென்றால் அவளிடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பவளை ரிலீவர் என்பார்கள். யாருக்கு ரிலீவர் உடனே வருகிறாள், யார் கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள் என்பதையெல்லாம் முத்துமாரி திரட்டியிருந்தாள்.

ஆனால், அவள் கொடுத்த இயலில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. 'பணிவிடுவிப்பு மகளிர்' என்று இருந்தது. வேலையிழந்த பெண்களைப் பற்றிய இயல் என்று எண்ணி இரண்டு பக்கம் படித்துவிட்டேன். ரிலீவர் என்று எழுதுவதற்கு என்ன தடை என்று கேட்டேன்.

"அப்படி எளுதுனா, லைன்ல நிக்கிற பிள்ளதானன்னு நெனப்பு வந்துரும்லா மேடம்?"

"லைனில் நிற்பவள்தானே நீ?" என்றேன்.

"அத மறக்கடிக்கத்தான மேடம் டிபார்ட்மென்ட்ல இவ்வளவு பாடு படுதேன்!"

ஒத்திகை

மகளிரை நீக்கி ரிலீவரை எல்லா இடத்திலும் திரும்ப எழுத வைத்தேன். அடுத்தது கருத்தரங்கு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் எல்லார் முன்னும் ஆய்வைப் பேசித் தேற வேண்டும். முத்துமாரியின் பதிவுக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. இந்த வாய்ப்புத் தவறினால் பதிவே ரத்தாகும்.

ஆகவே ஒத்திகை வைத்தோம். நான் தேர்வாளர். "வேலை செய்யும் இடத்தையே ஆராய்ந்திருக்கிறீர்கள். உங்கள் கண் நடுநிலையான கண் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டேன். குறிப்பேட்டைப் புரட்டினாள். மறுபடியும் கேட்டேன். கண் கலங்கியது. கலங்கட்டும் என்று மீண்டும் கேட்டேன். துறையில் அவளுக்கு யாரும் தண்ணீர் எடுத்துத் தரப்போவதில்லை. ஸ்டெல்லாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சர், அது பதிலு யோசிச்சுகினு கீது, நீங்க வக்கீலாட்டம் குடைஞ்சுகினே கீறீங்க! இதுக்கு அந்த நெஜ எக்சாமினரே தேவல."

செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை என்றிருந்த கருத்தரங்கைத் துறை ஒரே வாட்ஸ்அப் செய்தியில் செவ்வாய்க்கு மாற்றியது. செவ்வாயன்று முத்துமாரிக்கு முதல் ஷிஃப்ட். ஆள் பற்றாக்குறை, விடுப்புக் கிடையாது என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

அதே ஆலையில் வேலை செய்யும் அறைத்தோழி ஜெயாவுக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். அவள் போய் அவரிடம் பேசினாள். காலையில் முத்துமாரிக்குப் பதிலாக ஜெயா நிற்பாள். மதியம் இரண்டு மணிக்கு முத்துமாரி வந்து ஜெயாவின் ஷிஃப்டைப் பார்ப்பாள். வராவிட்டால் அதையும் ஜெயாவே நின்று முடிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட சூப்பர்வைசர் சொன்னாராம்: "பாத்ரூம் போக ரிலீவர் கேப்பாங்க, டாக்டராவறதுக்கு ரிலீவர் கேட்டு இப்பத்தாம்மா பாக்குறேன்."

நடுநிலை

பத்து மணிக் கருத்தரங்கு பதினொன்றரைக்குத் தொடங்கியது. நான் பின்வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதே கேள்வியைத்தான் கேட்டார், என்னைவிட மரியாதையாக. மனப்பாடம் செய்துவைத்த ஆங்கில விடையை முத்துமாரி தொடங்கினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நிறுத்திவிட்டாள்.

"சார், நான் நடுநிலைன்னு சொல்ல மாட்டேன். இப்ப என் எடத்துல ஜெயாக்கா நிக்காங்க. ரெண்டு மணிக்குள்ள நான் போகலன்னா ராத்திரி வரைக்கும் அவங்களே நிக்கணும். யாருக்காக யாரு நிக்கான்னு வெளிய இருந்து பாத்தா தெரியாது சார். நான் பாத்தது சரியான்னு மத்த லைன்லயும் கேட்டு ஒத்துப் பாத்துருக்கேன். எப்படின்னு கேளுங்க, சொல்லுதேன்."

அவர் கேட்டார். அவள் சொன்னாள், தடுமாறவில்லை. அதன்பின் துறைத்தலைவர் சிறப்புரைக்காகத் தொண்டையைக் கனைத்தார். தேர்வாளர் அவரைக் கையமர்த்திவிட்டு, சமர்ப்பிக்க அனுமதிக்கலாம் என்று கையெழுத்திட்டார். பிறகு முத்துமாரியைப் பார்த்துச் சொன்னார்: "திருத்தங்களை மெயில்ல அனுப்புறேன். நீங்க மொதல்ல பஸ்ஸைப் பிடிங்கம்மா."

ஆய்வாளருக்கு அறிவும் பொறுமையும் வேண்டும் என்று பல்கலைக்கழக விதிகள் விரிவாகவே சொல்கின்றன; ஒருத்தி பட்டம் பெற இன்னொருத்திக்குக் கால் கடுக்க வேண்டும் என்பதை மட்டும் நாமே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டன.