கப்பல்காரனின் அம்மா

அந்த மின்னஞ்சல் வந்தபோது அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே, "என்னன்னு படி" என்றார். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். கப்பலில் இன்ஜினியராம். தன் மனைவி அண்ணியின் ஓவியங்களை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தாராம். போன வருடம் இறந்துபோன தன் அம்மாவை வரைந்து தர முடியுமா, மனைவிக்குத் தெரியாமல் வீட்டில் மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். அண்ணியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எழுதியவன் கையை முறித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

அண்ணி கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நகரத்தில் நீலசந்திராவுக்கு வந்தவர், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் காலர் தைத்தார். வரைவது அவருக்குத் தானாக வந்தது. தங்கவயலில் பல வீடுகளில், செத்துப்போன அப்பாவுக்கு இருக்கும் ஒரே படம் சுரங்கத்து அடையாள அட்டையில் ஒட்டிய கட்டைவிரல் அளவுப் புகைப்படம்தான். அதை வைத்துக்கொண்டு, வீட்டார் சொல்லச் சொல்ல, காதோர நரையும் கழுத்து மச்சமும் சேர்த்துப் பெரிதாக வரைந்து கொடுப்பார். ஆர்டர் கொஞ்சம் கூடியதும், நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டார். கையில் வந்த பி.எஃப். பணத்தில் ஒரு வருடம் ஓட்டுவது, அதற்குள் ஓவியம் சோறு போடாவிட்டால் மறுபடியும் மெஷின் முன்னால் போய் உட்காருவது என்று என் அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். இணையத்தில் அவருக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தவள் நான். கால் சென்டரில் வேலை பார்ப்பதால் எனக்கு உலகமே தெரியும் என்று நினைப்பு.

அண்ணியிடம் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் படத்துக்கு வாங்கும் பணத்தில், பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வீட்டில் தங்கக் கூடாது. யாராவது பிரியப்பட்டு அதிகம் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆள் போய்விட்டால் அடுகோடிவரை பஸ் ஏறிப் போயாவது கொடுத்துவிட்டு வருவார். "செத்தவங்க காசு நமக்கு எதுக்கும்மா? வீட்டுக்கு ஆகாது" என்பார். இதை நான் பெருமையாக அந்தப் பக்கத்தில் எழுதிப் போட்டிருந்தேன். வலை வீசுகிறவனுக்கு மீன் எங்கே இருக்கிறது என்று நானே கையைக் காட்டியிருக்கிறேன்.

கப்பல்காரன் விலை பேசவில்லை. இருபதாயிரம் என்றதும் சரி என்றான். அளவு கேட்கவில்லை, அண்ணியின் எந்த ஓவியம் பிடித்தது என்று சொல்லவில்லை. நடுக்கடலில் இருப்பதால் போனில் பேச முடியாது, மெயில் மட்டும்தான் என்றான். எல்லாவற்றையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, பணக்காரர்கள் அப்படித்தான் என்று அண்ணிக்கு விளக்கமும் சொன்னேன். அவன் அனுப்பிய புகைப்படத்தில், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்தார்.

படம் முடிந்த அன்று மத்தியானம், ஒரு லட்ச ரூபாய் வரவு என்று அண்ணியின் போனுக்கு மெசேஜ் வந்தது. பின்னாலேயே அவன் மெயில். தன் கணக்கர் தவறுதலாக பேக்கிங் ஆட்களின் பணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார், எண்பதாயிரத்தை இன்றே அவர்களுக்கு அனுப்பினால் நாளைக் காலை வந்து படத்தை எடுத்துக்கொள்வார்கள் என்றான். அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தவர் அம்மாவின் பணம் எண்பதாயிரம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறதே!

"ஒருதடவ பேங்க்குக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"அதான் மெசேஜ் வந்துடுச்சே அண்ணி. அனுப்பிடலாம்" என்றேன்.

அந்த மெசேஜ் சாதாரணப் பத்து இலக்க போன் நம்பரிலிருந்து வந்திருந்தது. வங்கி அப்படி அனுப்பாது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நம்பரைப் பார்க்கவில்லை, தொகையை மட்டும் பார்த்தேன். அந்த லட்சம் வந்திருக்கவே இல்லை. போனது அண்ணியின் பி.எஃப். பணம். காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டவர், "ஹோய்த்தும்மா" என்றார். போனது போனதுதான். அடுத்த மாதம் அண்ணி பழைய கம்பெனியில், பழைய லைனில், தன்னைவிட இருபது வயது சின்னப் பெண்களுக்கு நடுவே காலர் தைக்க உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத்தான் வெறி பிடித்தது. வேறு பெயரில் ஓவியக்காரியாக ஒரு பக்கம் தொடங்கி, இரவல் படங்களைப் போட்டு, விலையையும் போட்டுக் காத்திருந்தேன். ஆறாவது வாரம் வந்தான். அதே மனைவி, அதே ரசனை, அதே கப்பல், அதே அம்மா. சந்தோஷத்தில் அன்றே பதில் போட்டேன். நாலு மாதம் அவனை அலைக்கழித்தேன். அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது, கம்மல் கல்லா பொன்னா, சர்க்கரை வியாதி உண்டா என்றெல்லாம் கேட்டேன். அவன் கேட்ட பணத்தை அனுப்பிவிட்டேன் என்பேன், வரவில்லை என்பான், ஐயோ வேறு யாருக்கோ போய்விட்டதே என்று அழுவேன். கடைசியில் அவன் என்னைப் பெற்றவளையெல்லாம் இழுத்து எழுதிய வசவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனம் சோர்ந்த நாளில் எடுத்துப் படித்தால் தெம்பாக இருக்கும்.

அதுவும் போதவில்லை. தெருவெல்லாம் ஓவியங்களைப் பரப்பி விற்கும் சந்தைக்கு இந்த ஜனவரியில் அந்த அம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்ற அண்ணியையும் இழுத்துப் போனேன். படத்துக்குக் கீழே மூன்று மொழிகளில் எழுதி வைத்தேன்: 'இவருடைய மகன் கப்பலில் இருப்பதாக உங்களுக்கும் எழுதினானா?' பத்து மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஈ அம்மா நனகூ பந்தித்ரு!", இந்த அம்மா எனக்கும் வந்தாரே என்று கத்தினார் ஒரு கன்னடக்காரப் பெண்மணி. ஒரு தாடிக்காரருக்கு இவர் அத்தையாக வந்திருந்தார். பிறகு ஜோகுபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், துணியில் ஓவியம் தீட்டுகிறவள், படத்தைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். போனை நீட்டினாள். அதே அம்மாள். நாற்பதாயிரத்தைச் சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தான்.

அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அனுப்பாதம்மா! மெசேஜ நம்பாத. கணக்கத் தொறந்து பாரு. மொதல்ல பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்த்தாள். ஒரு பைசா வந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் வாய்க்குப் போன கவளத்தைத் தட்டிவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். நான் மூச்சு விட்ட இடைவெளியில் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு கையப் புடிச்ச இல்ல? நல்லாத்தான் புடிச்ச. நான் கேட்டப்ப என் கையையும் அப்படிப் புடிச்சிருக்கலாம்."

மறுநாள் அவருக்குக் காலை ஷிஃப்ட்.